நரம்புத் தளர்ச்சிக்கு ஓட்ஸ் செடிச் சொட்டு: வாங்கும் முன் சில கேள்விகள்

ஹோமியோபதி மருந்துக் கடையில் போய், "உடம்பு அசதியாவே இருக்குதுங்க, நரம்புத் தளர்ச்சிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கைக்கு வரக்கூடிய பாட்டில்களில் ஒன்று அவினா சட்டைவா. 30 மில்லி அளவு, உள்ளே பழுப்புத் திரவம், மூடியைத் திறந்தால் சாராய வாசனை. சேலம், நாமக்கல் பக்கம் இரவு சிப்டு பார்த்துக் களைத்தவர்கள், லாரியில் வடக்கே போய்த் திரும்பியவர்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்காகக் கவலைப்படும் பெற்றோர் என்று பலரும் தேடுகிற வகை மருந்து இது. அதில் என்ன இருக்கிறது, என்ன செய்யும், யார் தொடக்கூடாது என்று பார்ப்போம்.

இது என்ன செடி? வேறொன்றும் இல்லை, ஓட்ஸ்தான். டாக்டர் சொன்னார் என்று காலையில் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதே ஓட்ஸ். அவினா சட்டைவா என்பது அதன் தாவரவியல் பெயர். நம் பக்கத்து வெயிலுக்கு அது பயிராவதில்லை. பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசத்தில் குளிர்காலத்தில் மாட்டுத் தீவனமாக விதைக்கிறார்கள். நமக்குச் சோளத்தட்டு எப்படியோ, அவர்களுக்கு ஓட்ஸ் தட்டு அப்படி. மருந்துக்கு எடுப்பது தானியத்தை அல்ல, பூக்கும் பருவத்தில் இருக்கும் பச்சைச் செடியை.

அந்தச் செடியை நறுக்கிச் சாராயமும் தண்ணீரும் கலந்ததில் ஊறவைத்து வடிகட்டினால் கிடைப்பது தாய்த் திரவம் (செடியின் சத்து இறங்கிய, இன்னும் நீர்க்காத முதல் சாறு). கடைக்காரர் இதை 'மதர் டிங்க்சர்' என்பார், லேபிளில் 'கியூ' என்ற எழுத்து இருக்கும். ஹோமியோபதி மருந்து என்றால் வெள்ளைச் சர்க்கரை உருண்டை என்றே நினைத்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும்.

அப்படியானால் இது ஹோமியோபதிதானா? நியாயமான சந்தேகம். ஜெர்மனி மருத்துவர் ஹானிமன் 1796-ல் முன்வைத்து, 1810-ல் நூலாகவே எழுதிய முறையின் அடிப்படை இரண்டு. ஆரோக்கியமான ஆளுக்கு எந்தப் பொருள் ஒரு தொந்தரவைக் கொடுக்கிறதோ, அதே தொந்தரவுள்ள நோயாளிக்கு அந்தப் பொருளே மருந்து என்பது ஒன்று. அதைத் திரும்பத் திரும்ப நீர்த்துக் குலுக்கிக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. தாய்த் திரவமாகக் கொடுக்கும் அவினா இரண்டாவதில் சேராது. சொட்டுக் கணக்கில், நீர்க்காமலே கொடுக்கிறார்கள். ஹோமியோபதிக் கடையில் விற்கும் ஒரு மூலிகைச் சாறு என்று இதை எடுத்துக்கொண்டால் உங்களுக்குக் குழப்பம் குறையும்.

இது வெறும் பெயர்த் தகராறு இல்லை, உங்களைப் பாதிக்கும் விஷயம். அதே அவினா '30' என்ற வீரியத்திலும் (எத்தனை முறை நீர்த்தது என்ற கணக்கு) விற்கிறது. நூறில் ஒரு பங்காக நீர்ப்பதை முப்பது முறை செய்வதுதான் '30 சி'. ஒன்றுக்குப் பின்னால் 60 பூஜ்ஜியம் போட்ட எண்ணில் ஒரு பங்கு. பன்னிரண்டு முறை தாண்டினாலே செடியின் ஒரு மூலக்கூறு (ஒரு பொருளின் ஆகச் சிறிய துகள்) கூட மிஞ்சுவது அபூர்வம் என்று வேதியியல் கணக்கு சொல்கிறது. ஆக '30' பாட்டிலில் ஓட்ஸ் இருக்காது, அதனால் ஓட்ஸின் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. 'கியூ' பாட்டிலில் ஓட்ஸ் சாறும் இருக்கிறது, சாராயமும் இருக்கிறது. எது கையில் இருக்கிறது என்று முதலில் லேபிளைப் பாருங்கள்.

சரி, வேலை செய்யுமா?

அமெரிக்காவில் இருந்த ஹோமியோபதி மருத்துவர் வில்லியம் போரிக் 1901-ல் வெளியிட்ட மருந்துக் கையேட்டை இன்றும் நம் ஊர் ஹோமியோபதி மருத்துவர்கள் மேசையில் வைத்திருக்கிறார்கள். நரம்புக் களைப்பு, தூக்கமின்மை, பாலியல் பலவீனம், மார்ஃபின் போதைப் பழக்கத்தை விடும்போது வரும் அவதி இவற்றுக்கு அவினாவை அது சொல்கிறது. 10 முதல் 20 சொட்டு, வெந்நீரில். கடையில் உங்களுக்குச் சொல்லும் அளவும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் கையேட்டில் இருப்பது வேறு, நிரூபணம் வேறு. நரம்புக் களைப்பு என்று வந்தவர்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அவினா சொட்டும் மறு பாதிக்கு அதே வாசனையுள்ள போலித் திரவமும் கொடுத்து, அவினாவுக்குத்தான் பலன் என்று காட்டிய நம்பகமான பெரிய ஆய்வு எதுவும் கிடையாது. ஓட்ஸ் செடியின் உலர்ந்த சாற்றை 800 முதல் 1600 மில்லிகிராம் வரை கொடுத்துக் கவனத்திறனைச் சோதித்த சில சிறிய ஆய்வுகள் உண்டு. சிலவற்றில் சோதனை மதிப்பெண் கொஞ்சம் கூடியது. அது சொட்டு மருந்து அளவை விட மிக அதிகம், அதில் கலந்துகொண்டவர்களும் நரம்புக் களைப்பு நோயாளிகள் அல்லர்.

புகையிலைப் பழக்கம் விடவும் இது உதவும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஆனந்த் என்ற மருத்துவர், ஓட்ஸ் செடிச் சாறு குடித்தவர்கள் சிகரெட்டைக் குறைத்தார்கள் என்று 1971-ல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் எழுதினார். பெரிய பரபரப்பு. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் பாதிச் செய்தி மட்டும் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது.

நீர்த்த ஹோமியோபதி மருந்துகளைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 61 வகைக் கோளாறுகளுக்கான ஆய்வுகளை அலசி, எதற்கும் பலன் உண்டு என்று சொல்ல நம்பகமான சான்று இல்லை என 2015-ல் அறிவித்தது. ஹோமியோபதியாளர்கள் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. இந்தியாவிலோ இது சட்டம் ஏற்ற மருத்துவ முறை. 1973-லும் 2020-லும் தனிச் சட்டங்கள் வந்தன, சேலத்திலேயே ஹோமியோபதி மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சட்டம் ஏற்றிருக்கிறது என்பதால் பலன் நிரூபணமாகிவிட்டது என்று ஆகாது. இரண்டையும் தனித்தனியே வைத்துப் பாருங்கள்.

"ஆனா எனக்குக் கேட்டுச்சுங்களே!" என்பீர்கள். கேட்டிருக்கும். மருந்து கொடுத்தவர் அரை மணி நேரம் உட்காரவைத்து உங்கள் கதை முழுவதையும் விசாரித்திருப்பார், சீக்கிரம் படுக்கச் சொல்லியிருப்பார், ராத்திரி டீயைக் குறைக்கச் சொல்லியிருப்பார். களைப்பு தானாகவே ஏறி இறங்கும் சங்கதியும்கூட. நாம் மருந்து தேடுவது அது உச்சத்தில் இருக்கும்போதுதான், அதற்குப் பிறகு இறங்கத்தான் செய்யும். இவையெல்லாம் சேர்ந்து கொடுத்த நிம்மதியைப் பொய் என்று சொல்லமாட்டேன். பாராட்டு முழுவதும் பாட்டிலுக்குப் போவதுதான் பிரச்சினை.

அதில் சாராயம் இருக்கிறதே, வண்டி ஓட்டலாமா? நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளிலும் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. கணக்குப் போடுவோம். 20 சொட்டு என்பது சுமார் ஒரு மில்லி. லேபிளில் சாராயம் 50 சதவீதம் என்று இருந்தால் அரை மில்லி சாராயம். மூன்று வேளைக்கு ஒன்றரை மில்லி. ஒரு கட்டிங் பிராந்தியில் 38 மில்லிக்கு மேல் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு சொல்லும் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். சொன்ன அளவில் சொட்டு குடித்து அந்த வரம்பை எட்ட முடியாது.

ஆனால் ஒரு சிக்கல். குடித்த கையோடு ஊதினால், வாயில் ஒட்டியிருக்கும் சாராய ஆவியையே கருவி காட்டிவிடலாம். கால் மணி நேரத்தில் அது போய்விடும். எனவே வண்டி எடுப்பதற்கு அரை மணி முன்பே குடித்துவிட்டு வாயைக் கொப்பளியுங்கள், சோதனைச்சாவடி வரிசையில் நின்றுகொண்டு சொட்டு விடாதீர்கள். தூக்கத்துக்கு என்று பாசிஃபுளோரா போன்ற வேறு தாய்த் திரவத்தையும் இதோடு கலந்து கொடுத்திருந்தால், ஓட்டும் நேரத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

ஏன் 30 மில்லி பாட்டில் மட்டும் விற்கிறார்கள்? 12 சதவீதத்துக்கு மேல் சாராயம் உள்ள ஹோமியோபதி மருந்தை 30 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் சில்லறையில் விற்கக் கூடாது என்பது மருந்து விதி. மருந்து என்ற பெயரில் சாராய வியாபாரம் நடந்துவிடக் கூடாது என்பதற்காக. முழுப் பாட்டிலையும் ஒரே மூச்சில் குடித்தால் ஒரு பெக் குடித்த மாதிரிதான். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

இனி, யார் தொடவே கூடாது என்பது. இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

குடியை நிறுத்த டைசல்பிராம் (சாராயம் உடலில் பட்டாலே வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள். இவர்களுக்குச் சில சொட்டுச் சாராயம்கூட முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, ரத்த அழுத்தம் விழும் அளவுக்குப் போகலாம். குடியை விட்டவருக்குத்தான் கை நடுக்கமும் தூக்கமின்மையும் அதிகம், "நரம்புக்கு நல்லது" என்று வீட்டார் இந்தச் சொட்டை வாங்கிவருவதும் அவருக்குத்தான். ஆபத்து சரியாக அங்கேதான் இருக்கிறது. மாத்திரை இல்லாமல் குடியை விட்டவருக்கும் அந்த வாசனையே பழைய ஆசையைக் கிளப்பலாம்.

கர்ப்பிணிகளுக்கும், கல்லீரல் கெட்டவர்களுக்கும், வயிற்றுத் தொந்தரவுக்கு மெட்ரோநிடசோல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வேண்டாம். பிள்ளைகளுக்கும் வேண்டாம். நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைக்கு "மூளைக்கு டானிக்" என்று பையில் வைத்து அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் குறைவது தூக்கம். அதைச் சொட்டில் ஊற்றிக் கொடுக்க முடியாது.

நாட்டு மருந்தான அமுக்கரா இதைவிட நல்லதா? அமுக்கராவுக்கு (அசுவகந்தா) மனஉளைச்சல், தூக்கம் தொடர்பாக ஓட்ஸை விட அதிக ஆய்வுகள் இருக்கின்றன, சில சாதகமாகவும் இருக்கின்றன. அமுக்கரா சூரணம் சித்த மருத்துவத்தில் பழகிய மருந்து. ஆனால் சக்தியுள்ள மருந்துக்குப் பக்கவிளைவும் உண்டு. கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட செய்திகள் உள்ளன, தைராய்டு மாத்திரையோடு மோதலாம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தா மருத்துவர் இருந்தால் அவரைக் கேட்டு வாங்குங்கள். நாமாக இரண்டையும் சேர்த்துக் குடிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி இனிமேல்தான்: உங்களுக்கு ஏன் களைப்பு?

நரம்புக் களைப்பை நோயாக 1869-ல் பிரபலப்படுத்தியவர் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர். தந்தி, நீராவி இயந்திரம், பத்திரிகை என்று வேகமாகிவிட்ட வாழ்க்கைமேல் பழி போட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது நீண்ட காலம் இருந்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பில் தனி நோயாக இல்லை. களைப்பு பொய் என்பதால் நீக்கவில்லை, அந்தப் பெயருக்குள் பல வேறு நோய்கள் ஒளிந்திருந்தன. எனவே நீங்கள் தேட வேண்டியது அந்த ஒளிந்திருக்கும் ஒன்றை.

பெண்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12-க்கும் ஆணுக்கு 13-க்கும் கீழே இருந்தால் களைப்புக்குக் காரணம் கையில் கிடைத்த மாதிரி. அரசு ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். அதை டீயோடு விழுங்கினால் பாதி வீண். மாத்திரைக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அடுத்து சர்க்கரை, தைராய்டு, பி12 வைட்டமின். பாதம் மரத்துப்போவது, எரிச்சல், ஊசி குத்துவது போல இருப்பது, இவையெல்லாம் நிஜமாகவே நரம்பு கெடும் அடையாளங்கள். சர்க்கரை நோயிலும் பி12 குறைவிலும் வரும். வருடக்கணக்கில் மெட்பார்மின் (சர்க்கரை நோய்க்கான மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கும் சுத்த சைவக்காரர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். நாமக்கல் என்ற முட்டை ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஒரு முட்டையில் ஒரு நாளைக்குத் தேவையான பி12-இல் கால் பங்குதான் கிடைக்கும். குறைவு என்று பரிசோதனையில் வந்தால் மாத்திரையோ ஊசியோதான் வழி. ஓட்ஸ் சொட்டைக் குடித்துக்கொண்டு ஆறு மாதம் தள்ளினால் நரம்பு அதற்குள் மீளாத அளவுக்குக் கெட்டுவிடலாம்.

லாரி ஓட்டுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. குறட்டை உண்டா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகக் கிளீனரோ வீட்டம்மாவோ சொல்கிறார்களா? அப்படியானால் அது தூக்க மூச்சடைப்பு. எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்காத மாதிரிதான் எழுவீர்கள், பகலில் ஸ்டியரிங்கிலேயே கண் சொருகும். கழுத்து பருத்தவர்களுக்கு அதிகம் வரும். இதற்குக் காது-மூக்கு-தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பாருங்கள்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடத்தில் பன்னிரண்டு மணி நேரம், 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில், வாரம் பகல் வாரம் இரவு என்று நின்றால் யாருக்குத்தான் களைப்பு வராது? சிப்டு மாறாமல் எந்தச் சொட்டும் அதை எடுக்காது. முதலாளி மாற்றித் தரமாட்டார் என்பது எனக்கும் தெரியும். முடிந்ததைச் செய்யுங்கள்: இரவு சிப்டின் பிற்பாதியில் டீ வேண்டாம், காலையில் வந்ததும் அறையை இருட்டாக்கிப் படுங்கள், காதில் பஞ்சாவது வையுங்கள், தண்ணீர் குடியுங்கள். குழுக் கடன் தவணை நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் கெடுகிறது என்றால் அது நரம்பு இல்லை, கவலை. அதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும்.

எதிலும் பிடிப்பு இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை வருகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழில் பேசலாம். உயிரை விடலாம் என்ற நினைப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே அழையுங்கள்.

காரணம் தெரியாமல் எடை குறைவது, இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, மலத்தில் ரத்தம், முகமும் காலும் வீங்குவது இருந்தால் எந்தச் சொட்டும் தொடங்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேலே சொன்ன அடிப்படை ரத்தப் பரிசோதனைகளை அங்கே செலவில்லாமல் செய்துகொள்ளலாம்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, நூறு சதவீத உத்தரவாதம்' என்று நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம், எந்தெந்த நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று பட்டியலே வைத்திருக்கிறது. நரம்புத் தளர்ச்சியும் ஆண்மைக் குறைவும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவை. அந்த நோட்டீஸ் ஒட்டியதே குற்றம். ஒட்டியவரிடம் உங்கள் உடம்பைக் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவினா குடித்துப் பார்க்கிறேன் என்றால், பெரியவர்களுக்கு, மேலே சொன்ன தடைகள் இல்லாதவர்களுக்கு, சொன்ன அளவில் பெரிய கெடுதல் இல்லை. பி.எச்.எம்.எஸ். படித்த மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். லேபிளில் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், பேட்ச் எண், சாராயச் சதவீதம், காலாவதித் தேதி இருக்க வேண்டும். பெயர் ஒட்டாத பாட்டிலில் ஊற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் குடித்தும் மாற்றம் இல்லை என்றால் அளவைக் கூட்டாமல் நிறுத்துங்கள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைகளை இதற்காக ஒரு நாளும் விடக்கூடாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இந்தப் பாட்டிலையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், "இதையும் குடிக்கிறேனுங்க" என்று காட்டுங்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால் அதற்கு முன்பே.